ஜன்னல் வழியாகத் தண்ணீர்

தீயில் தண்ணீரை எப்படி அடிக்க வேண்டும் என்று தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் ஒருவர்கூடக் கிடையாது. வண்டியை நிறுத்தி, ஹோஸை உருட்டி விரிப்பதற்குள் கூட்டத்திலிருந்து வகுப்பு ஆரம்பித்துவிடும். "அங்கன அடிங்க சார்." "மேல அடிங்க, மேல." "பொகை வர்ற எடத்தப் பாத்து அடிங்க." கொஞ்சம் யோசித்து நின்றால் போச்சு. "வேடிக்கை பாக்கவா சம்பளம் வாங்குறீக?" தீயணைப்பு வேலைக்கு வந்து எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இன்னமும் இந்த வார்த்தையைக் கேட்டால் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அவர்கள் பார்த்துப் பழகியது அப்படி. வெம்பக்கோட்டைப் பக்கமோ ஏழாயிரம்பண்ணைப் பக்கமோ ஒரு பட்டாசு யூனிட்டில் வெடித்தால், நாங்கள் போய்ச் சேருவதற்குள் அந்த ரூம் தரைமட்டமாகியிருக்கும். அடுத்தடுத்த ரூம்கள் வெடித்து ஓய்கிற வரைக்கும் கிட்டப் போகக் கூடாது. தூரத்தில் நின்று, ஒரே தாரையாகப் பாய்கிற ஜெட்டைத் தூக்கிப் பிடித்து, எட்டுகிற மட்டும் அடிப்போம். அங்கே அதுதான் முறை. உள்ளே மருந்து இருக்கிற இடத்துக்குள் எவனும் போகக் கூடாது. மருந்து என்றால் எங்கள் பக்கம் முதலில் வெடிமருந்துதான்.

வீட்டில் பிடிக்கிற தீ வேறு. அதை யாருக்கும் புரியவைக்க என்னால் முடியவில்லை. வீட்டில் சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது, சூடு வெளியேற வழியில்லாமல் கூரைக்கு அடியில் தேங்கி நிற்கிறது. எரிகிற சாமானைவிட அந்தப் புகைதான் ஆளைக் கொல்லும். உடைந்த ஜன்னல் ஒன்று இருந்தால் அது வழியாகப் புகை வெளியேறிக்கொண்டிருக்கும். அதற்கு நேரே நின்று ஜெட்டைச் சுழற்றிச் சுழற்றி அடித்தால் தண்ணீரே அந்த ஜன்னலை அடைத்துவிடும். தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். வெளியே வரவேண்டிய சூடும் புகையும் திரும்பி, வீட்டுக்குள் வேறு எங்கே சந்து இருக்கிறதோ அங்கே போகும். அந்தச் சந்தில் ஒரு ஆள் கிடந்தால் அவன் கதி அவ்வளவுதான்.

இதை நான் வெளியூரில் நடந்த ஒரு பயிற்சியில்தான் கற்றுக்கொண்டேன். வெளியிலிருந்து அடிப்பதாக இருந்தால் ஜன்னலுக்குக் கீழே ஒட்டி நின்று, தாரையைக் கூரையில் மோதவிட வேண்டும். சுழற்றக் கூடாது. கூரையில் பட்டுத் தெறிக்கிற தண்ணீர் மழை மாதிரி விழுந்து அறையைக் குளிர வைக்கும். ஜன்னலில் மிச்சமிருக்கிற இடைவெளி வழியாகப் புகையும் போய்க்கொண்டிருக்கும். கொஞ்சம் அடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். தரையோடு தரையாகத் தவழ்ந்து, கதவை ஹோஸ் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, கூரையைப் பார்த்து ஒரு அடி அடித்து, நிறுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டு, பிறகு நகர வேண்டும். தண்ணீர் குறைவாகத்தான் செலவாகும். எங்கள் ஊரில் தண்ணீர் இருக்கிற லட்சணத்துக்கு அதற்காகவாவது இந்த முறையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஊர் திரும்பி, ஆர்வத்தோடு எல்லாவற்றையும் நிலையத்தில் சொன்னேன். என்னோடு ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த கூட்டாளி ஒருவர் இருக்கிறார். தோள் வலு உள்ள மனுஷன். ஜெட்டைத் தனியாளாகப் பிடித்து வாசல் தெளிக்கிற மாதிரி வீசுவார், கூட்டம் விசிலடிக்கும். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏலே, இதெல்லாம் மாடி வீட்டு ஊருக்குச் சொல்லித் தந்தது. இங்கன எவன் வீட்டுக்குள்ள எவன் போவான்? உள்ள எம்புட்டு மருந்து இருக்கோ" என்றார்.

தாரையை நினைத்தபடி மெல்லியதாக்கவும் விரிக்கவும் சட்டென்று மூடவும் தோதான ஒரு புதுப் பிராஞ்ச் எங்களுக்கு வந்திருந்தது. பிராஞ்ச் என்றால் ஹோஸ் நுனியில் மாட்டுகிற குழல். வந்த நாளிலிருந்து அது பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. எடுத்துப் பழகினால் கீறல் விழுமாம், இன்ஸ்பெக்‌ஷனில் கேட்பார்களாம். கீறல் விழாத பிராஞ்சை வைத்துக்கொண்டு பூஜையா செய்யப் போகிறோம் என்று சத்தம் போட்டேன். சண்டை போட்டுச் சண்டை போட்டு, கடைசியில் அதை வண்டியிலேயே வைக்கலாம் என்று அனுமதி வாங்கினேன். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

எங்கள் நிலைய அலுவலர் கெட்டவர் இல்லை. மேற்கே வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்தவர். அவர் வந்த புதிதில் ஒரு யூனிட்டில், எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக் கிட்டப் போன எங்கள் ஆள் ஒருவருக்கு மிச்சம் கிடந்தது வெடித்து ஒரு கண் போய்விட்டது. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர் அலுவலர்தான். அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் இறங்கியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "உள்ள மருந்து இருக்கா?" என்பதுதான்.

சரியான கேள்வி. உள்ளே போவதா, தள்ளி நிற்பதா என்பது அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பதில் கிடைக்காத கேள்வியும் அது ஒன்றுதான். வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்கிறவன் இல்லை என்பான், சொன்னால் ஜெயில். செய்யாதவனும் இல்லை என்பான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லா வீட்டைப் பற்றியும் இருக்கு என்பார்கள். அவர்களுக்கு அவர்கள் உயிர். அலுவலர் நொந்துபோய், "இந்த ஊர்க்காரங்க எவனும் உண்மையைச் சொல்ல மாட்டாங்கய்யா" என்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லல" என்று சேர்த்துக்கொள்வார். எனக்கும் சொந்த ஊர் இதுதான்.

நான் சொல்ல வந்த தீ தீபாவளி சீசனில் பிடித்தது. நல்ல பகல். எம். புதுப்பட்டி போகிற வழியில் ஒரு காலனி; அரசாங்கம் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள். முன்னறை, அதை விட்டால் ஒரு குறுகலான நடை, நடையை ஒட்டி அடுப்படி, கடைசியில் ஒரு பின்னறை. பின்பக்கம் கதவு கிடையாது. பின்னறைச் சுவரில் கூரையை ஒட்டி, காற்று வர ஒரு சிமெண்ட் ஜாலி மட்டும்தான். அந்த வீட்டுப் பெண் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றுகிறவள். முன்னறை முழுக்கக் குழாய் காயப்போட்டிருந்தாள். சுற்றி முடித்த லோடை கம்பெனி வேனில் ஏற்றிவிடத் தெருமுனைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் ஸ்விட்ச் போர்டில் பொறி பறந்து குழாய்களில் பிடித்துவிட்டது.

பின்னறையில் அவள் புருஷன் இருந்தார். நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு யூனிட் விபத்தில் இரண்டு கால்களும் வெந்து, முழங்கால் மடங்காமல் படுக்கையில் கிடப்பவர்.

நாங்கள் போய் இறங்கும்போது முன்னறை ஜன்னல் வெடித்துத் தீ வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஜனங்கள் தெருவின் மறுகரையில், ஒரு சுவருக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். "கிட்டப் போகாதீக! மருந்து கெடக்கு!" என்று அங்கிருந்தே கத்தினார்கள். அந்தப் பெண் மட்டும் வாசல்படியில் நின்றாள். இரண்டு பேர் இழுத்து இழுத்து விலக்க, திமிறிக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்கே வந்தாள்.

அலுவலர் அவளிடம் கேட்டார். "உள்ள மருந்து இருக்காம்மா?"

"இல்ல சார். வெறுங்குழாதான் சார். எங்க வீட்டுக்காரரு உள்ள கெடக்காக. நடக்க மாட்டாக சார்."

"நிஜமாச் சொல்லு."

"எம்புள்ளைக மேல சத்தியமா வெறுங்குழாதான் சார்."

நான் பின்பக்கம் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜாலி வழியாகப் புகை மெல்லியதாக வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். டம்ளரால் சுவரில் தட்டுகிறார். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. அங்கே இரண்டு பேர் கடப்பாரையோடு சுவரை இடிக்கத் தயாராக நின்றார்கள். நான் பாய்ந்து தடுத்தேன். முன்பக்கம் தண்ணீர் போவதற்கு முன்னால் பின்பக்கம் ஓட்டை போட்டால் தீ மொத்தமும் அந்த ஓட்டையைத் தேடிப் பின்னறை வழியாகத்தான் வரும். இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? "அண்ணாச்சி, உள்ள மனுசன் சாகுறான், நீங்க தடுக்கீக!" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன பயன்? அவர் நல்லதுதான் செய்ய வந்தார்.

அப்போது டம்ளர் சத்தம் தடுமாறியது. ஜாலியில் புகை சட்டென்று கறுத்து, கனத்து, குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே இருமல். எனக்குப் புரிந்துவிட்டது. முன்னால் ஓடினேன். நினைத்தது சரி. என் கூட்டாளி ஜன்னலுக்கு நேரே கால்களை அகட்டி நின்று, ஜெட்டை வீசு வீசென்று வீசிக்கொண்டிருந்தார். ஜன்னலில் தீ அடங்கிவிட்டது. கூட்டம் கைதட்டியது.

"நிப்பாட்டுங்க! தண்ணிய நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

ஒரு தீயணைப்புக்காரன் தீ எரிகிற வீட்டின் முன்னால் நின்று தண்ணீரை நிறுத்தச் சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? கெட்ட வார்த்தை பறந்தது. ஒரு செருப்பும் பறந்தது. பம்ப்பில் இருந்த டிரைவர் என்னையும் அலுவலரையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டாளியின் கையிலிருந்து பிராஞ்சைப் பிடுங்காத குறையாக இறக்கினேன். "எல்லாப் பொகையும் அவரு மேல போகுது. பின்னால வந்து பாரும்" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் நிறுத்தினார். அந்தக் கணத்தில் ஜன்னலில் தீ மறுபடி எட்டிப் பார்த்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

வண்டியிலிருந்து புதுப் பிராஞ்சை எடுத்தேன். உறை பிரியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, தாரையைக் கூரையில் மோதவிட்டேன். அசைக்காமல் பிடித்தேன். உள்ளே மழை பெய்கிற சத்தம் கேட்டது. ஜன்னலின் மேல்பாதி வழியாகக் கறுப்புப் புகை வெளியே வந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. நிறுத்தினேன்.

ஒரு மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு, "சார், உள்ள போறேன்" என்றேன்.

அலுவலர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "அவ சொல்றத நம்பியா?"

"அவ நிக்கிற எடத்தப் பாருங்க சார்."

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். மருந்து வைத்திருக்கிறவனுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று தெரியும். எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். சத்தியம் செய்கிற வாய் ஒரு பக்கம் இருக்கும், கால்கள் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். வாயை நம்பக் கூடாது, காலை நம்பலாம் என்று இத்தனை வருடத்தில் நானாகத் தெரிந்துகொண்டிருந்தேன். இந்தப் பெண்ணின் கால்கள் வாசல்படியைவிட்டு நகரவே இல்லை.

அலுவலர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் சொன்னா உடனே வெளிய வந்துடணும்" என்றார். இரண்டாவது மூச்சுக் கருவியைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, ஹோஸைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவர் வந்திருக்க வேண்டியதில்லை.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து தவழ்ந்தோம். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. காதுமடலைச் சூடு கிள்ளியது. கூரையைப் பார்த்து ஒரு அடி அடித்து நிறுத்தினேன். தெறித்து விழுந்த தண்ணீர் வெந்நீராக இருந்தது. மறுபடி ஒரு அடி. சூடு ஒரு முழம் மேலே ஏறியது. குழாய்க் குவியல்கள் அடியில் கனன்றுகொண்டிருந்தன. அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு நடைக்குள் திரும்பினோம். திரும்பியதும் ஹோஸ் கதவு மூலையில் மாட்டிக்கொண்டது. இதற்குத்தான் மூலைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். யார் பழகினார்கள்? அலுவலர் திரும்பித் தவழ்ந்து போய் எடுத்துவிட்டு வந்தார்.

நடையின் பாதியில் இருந்தபோது பின்னாலிருந்து ஏதோ வந்து அறைந்தது. வெள்ளையாக, ஈரமாக, கொதிக்கக் கொதிக்க நீராவி. அலுவலர் "அம்மா" என்று அலறிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார். நானும் முகத்தைத் தரையில் அழுத்திக்கொண்டேன். யாரோ ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடிக்கிறார்கள்.

பிறகுதான் தெரிந்தது. பக்கத்துப் பட்டாசு யூனிட்டிலிருந்து உதவிக்கு ஒரு தண்ணீர் லாரி வந்திருக்கிறது. தீயணைப்பு வண்டி சும்மா நிற்கிறதே என்று கூட்டம் அவர்களை ஏவியிருக்கிறது. அவர்களும் மோட்டாரைப் போட்டு, ஜன்னலுக்கு நேரே நின்று, எங்கள் கூட்டாளி எப்படி வீசுவாரோ அதே மாதிரி வீசியிருக்கிறார்கள். அவரைப் பார்த்துத்தானே எல்லோரும் கற்றுக்கொண்டது. அவர்தான் ஓடிப் போய் அந்த ஹோஸின் மேல் விழுந்து மடக்கியிருக்கிறார். "ஏலே, உள்ள எங்க ஆளுக இருக்காகலே!" என்று அவர் போட்ட சத்தம் உள்ளே எங்களுக்கே கேட்டது.

நீராவி தணிந்தது. "சார், போவமா?" என்றேன். "போ" என்றார்.

பின்னறையில் அந்த மனிதர் கட்டிலிலிருந்து உருண்டு தரையில் கிடந்தார். அதனால்தான் உயிர் இருந்தது. டம்ளர் கையிலேயே இருந்தது. அவரை இழுக்கத் தோதாகக் கட்டிலுக்கடியில் கையை ஊன்றினேன். சாக்கு ஒன்று தட்டுப்பட்டது. வாய் கட்டாத சாக்கு. உள்ளே குழாய்கள். ஒன்று கையோடு வந்தது.

நானும் சின்ன வயதில் குழாய் சுற்றியவன்தான். இருட்டில் என் கட்டைவிரல் பழக்கத்தில் குழாயின் முனையைத் தேடியது. ஓட்டை இல்லை. மறுமுனையிலும் இல்லை. இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. குழாய் கனத்தது. உள்ளே மருந்து. கையை நீட்டினால் அதன் பக்கத்தில் இன்னொரு சாக்கு.

எனக்கு அடுத்த நொடியே பயத்தைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாளே! பிராஞ்சை முழுக்க விரித்து, கட்டிலுக்கடியில் திருப்பினேன். இத்தனை நேரம் தண்ணீரைச் சிக்கனமாக, அடித்து நிறுத்தி, அடித்து நிறுத்தி என்று முறையாக வந்தவன், அங்கே முறையெல்லாம் பார்க்கவில்லை. சாக்குகள் நனைந்து, ஊறி, மிதக்கிற மட்டும் விட்டேன்.

பின்னாலிருந்து அலுவலர் கேட்டார். "ஏன்யா கீழ அடிக்கிற? என்ன அங்க? மருந்தா?"

உண்டு என்றால் அவர் வெளியே வா என்பார். அவர் அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது அவர் கடமை. அந்த மனிதரின் அக்குள் என் கையில் இருந்தது. அவர் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது.

"இல்ல சார்" என்றேன். "பாய் எரியுது. ஆளு கெடச்சிட்டாரு. காலைப் பிடிங்க."

எப்படி வெளியே வந்தோம் என்பது இப்போது கோவையாக நினைவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசியது, கூட்டம் கத்தியது, அந்தப் பெண் அவர் மேல் விழுந்து அழுதாள். இப்போது விசிலடித்தார்கள். ஆம்புலன்ஸில் அவரை ஏற்றினார்கள். அவளும் ஏறினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, யார் காதிலும் விழாதபடி குனிந்து, "ஏன் பொய் சொன்னீக?" என்றேன். கத்தாமல் கேட்பதற்கு எனக்குப் பெரும்பாடாக இருந்தது. "நாங்க ரெண்டு பேரு உள்ள போனோம். எங்களுக்கும் புள்ளைகுட்டி இருக்குல்ல?"

அவள் அழுகையை நிறுத்தி என்னை நேராகப் பார்த்தாள். "இருக்குன்னு சொல்லியிருந்தா உள்ள போயிருப்பீகளா அண்ணே?"

கதவைச் சாத்திவிட்டார்கள். வண்டி கிளம்பியது. போயிருக்க மாட்டேன். யாரும் போயிருக்க மாட்டோம். முறைப்படி தள்ளி நின்று, ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்துக்கொண்டு, டம்ளர் சத்தம் நிற்கிறவரை நின்றிருப்போம். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அந்த வாசல்படியில் நின்றிருக்கிறாள். நான் என்னவோ காலைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவன் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

கனன்றுகொண்டிருந்த குவியல்களைக் கிளறி நனைக்கிற வேலை பாக்கி இருந்தது. கூட்டாளி நான் சொல்லாமலே பிராஞ்சை மெல்லியதாக வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். அலுவலர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் பின்னறைக்குள் போனார். நான் குனிந்து குவியலைக் கிளறினேன். வெகுநேரம் ஆள் வரவே இல்லை.

வந்தபோது அவர் உள்ளங்கையில் ஊறிப்போன ஒரு குழாய் இருந்தது. இரண்டு பக்கமும் அடைத்த குழாய். அவர் இடது காது முழுக்க வெந்து, தோல் வெள்ளையாக உரிந்து தொங்கியது.

"நான் கேட்டேன்ல, அங்க என்னன்னு?"

"ஆமா சார்."

"இல்லன்னு சொன்ன."

"ஆமா சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பீரோவில் பூட்டிய பிராஞ்சைப் பற்றி, ஒரு நாளாவது பழகவிடாததைப் பற்றி, மூலைக்கு ஆள் இல்லாததைப் பற்றி. அவர் குழாயை என் கையில் வைத்தார்.

"இந்த ஊர்க்காரங்க எவனும் உண்மையைச் சொல்ல மாட்டாங்கய்யா" என்றார். என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல் வண்டியைப் பார்த்து நடந்தார்.